கையெழுத்துப் போட்ட தண்டு

நெடுஞ்சாலையோரத்தில் இருக்கும் எங்கள் கடையில் பாதி என்னுடையது, பாதி என் கணவர் கியெமுடையது. என் பாதியில் வழிப்போக்கர்கள் படுத்து இளைப்பாற வலை ஊஞ்சல்கள், காப்பி, கரும்புச்சாறு. அவர் பாதியில் கிரீஸ், பழைய டயர், முதுகுவலி. கட்டிக்கொண்ட பாவத்துக்கு அந்த முதுகுவலியிலும் எனக்குப் பங்குண்டு.

டெட் புத்தாண்டு வந்தால் சைகோன் தொழிற்சாலைகளில் இருக்கும் சனம் மொத்தமும் மோட்டார் சைக்கிளில் தெற்கே கிளம்பிவிடும். பஞ்சர், அறுந்த செயின், விழுந்து எழுந்த வண்டி என்று அந்த வாரம் முழுக்கக் கியெம் நிமிரவே இல்லை. சோற்றைக் கூடக் குந்தியபடியே தின்றார்.

"இன்னியோட மூடிடறேன். சாயங்காலம் உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிடலாம்" என்றார், வருஷக் கடைசி நாள் காலையில்.

போன டெட்டுக்கும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தியதற்கும். அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. இந்த முறையும் போகாவிட்டால், அடுத்த தடவை என் குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டுகொள்வாள். அதனால் காலையிலேயே துணிப்பையை எங்கள் வண்டியில் கட்டிவிட்டேன்.

மத்தியானம் துவான் என்றொருவன் வண்டியோடு வந்து நின்றான். செருப்புத் தொழிற்சாலையில் வேலை. பின்னால் மனைவி லாய், மடியில் மூன்று வயதுப் பெண். நாய் குறுக்கே ஓடியதில் விழுந்திருக்கிறார்கள். லாயின் முழங்கை சிராய்த்திருந்தது, குழந்தைக்கு ஒன்றுமில்லை. வண்டியில் கண்ணாடி உடைந்து, ஹேண்டில் கோணியிருந்தது.

"ஹேண்டில மட்டும் நிமித்துங்கண்ணே. படையலுக்கு முன்ன ஊருக்கு, கா மாவுக்குப் போய்ச் சேரணும்."

கியெம் முன் சக்கரத்தைத் தூக்கி, அதைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். மெல்லிய ஆட்டம் இருந்தது.

"கழட்டிப் பாக்கணும்."

"நெனச்சேன். இந்த ரோட்டுல கழட்டாத கடை எங்க இருக்கு? கழட்டுறப்ப ஒரு சாமான், மாட்டுறப்ப வேற சாமான்."

"அப்ப எடுத்துட்டுப் போ தம்பி. எனக்கும் முதுகு வலிக்குது."

ஊஞ்சலில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த லாய் நிமிர்ந்தாள். "கழட்டட்டும்."

"நீ சும்மா இரு."

"சும்மாதான் இருக்கேன். பாப்பாவும் நானும் இங்கயே சும்மா இருக்கோம். நீ மட்டும் போய்க்க."

துவான் சட்டைப்பையிலிருந்து தடித்த கறுப்புப் பேனாவை எடுத்தான். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. சாமானை மாற்றிவிடுவார்கள் என்று பயந்து, கழற்றும் முன் கையெழுத்துப் போடாத ஆள் இந்தப் பக்கம் குறைவு. எஞ்சினில் போட்டான், ஃபோர்க்கில் போட்டான். ஹேண்டிலையும் ஃபோர்க்கையும் சேர்க்கும் தண்டை உருவி, துடைத்து வைத்ததும் அதன் அடியிலும் போட்டான்.

பேரிங் கிண்ணத்தில் பள்ளம் விழுந்திருந்தது. ஆட்டத்துக்கு அது போதுமான காரணம். தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் கியெம். வளைவு இல்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பாத்தீங்களா? சும்மா பயமுறுத்துனீங்க" என்றான் துவான்.

கிண்ணத்தை மாற்றிவிட்டுத் தண்டை மறுபடி கையில் எடுத்த கியெம் எரிச்சலானார்.

"பேரிங் உக்கார்ற எடத்துலயா எழுதி வைப்ப?"

பெட்ரோல் துணியால் அழுத்தித் துடைத்தார். பெயர் போய்விட்டது. ஆனால் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு நின்றது. மறுபடி துடைத்தார். போகவில்லை. நகத்தால் தடவினார். நகத்துக்கும் தட்டவில்லை. மை உள்ளே இறங்கியிருந்தது. தண்டைச் சுற்றிப் பாதித் தூரத்துக்கு விரிசல்.

துவான் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இது... இப்படியே ஓட்டியிருந்தா எப்பண்ணே ஒடைஞ்சிருக்கும்?"

"ஏதாவது ஒரு பள்ளத்துல."

அவன் ஊஞ்சலைப் பார்த்தான். குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

சாமான் கடைகள் மூடியாயிற்று. பஸ்ஸில் இடம் என்பது போன மாதமே முடிந்துபோன கதை. கியெம் என்னைப் பார்க்கவில்லை, எங்கள் வண்டியைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"ஊருல வேற வண்டியே இல்லையா?"

"ஒரே மாடல், புள்ள."

முடியாது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். அவரும் களைத்துத்தான் போயிருந்தார். எனக்கும் சொல்லத்தான் ஆசை. குழந்தையின் ஒரு கால் ஊஞ்சலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, செருப்பில்லாமல்.

"மொதல்ல என் பையை அவுருங்க" என்றேன்.

எங்கள் வண்டியின் தண்டு அவர்கள் வண்டிக்குப் போனது. மாட்டும் முன் கியெம் கேட்டார், "கையெழுத்துப் போடலையா?"

"வேணாம்ண்ணே" என்றான் துவான் தலை நிமிராமல். "கடை தொறந்ததும் புதுசு வாங்கிட்டு வந்துடறேன்."

"போட்டுக்க. இல்லேன்னா நீ பாலம் தாண்டுறதுக்குள்ள எங்க வீட்டுக்காரி வந்து உருவிக்குவா."

லாய் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் போனபின் கியெம் குழந்தை படுத்திருந்த ஊஞ்சலிலேயே விழுந்து தூங்கிப்போனார், கையைக் கூடக் கழுவாமல். எங்கள் வண்டி முன்பக்கம் பிரிந்து, கட்டை மேல் நின்றது. நான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"கிளம்பிட்டீங்களா?"

"இல்லம்மா. வண்டி ஒடைஞ்சுபோச்சு."

"அய்யோ, யாரு விழுந்தா?"

அழுகை வந்துவிட்டது.

"யாரும் விழலம்மா" என்றேன். "யாருமே விழல."