எண் சிறுசு, கேமரா பெருசு

கேமரா கம்பெனியில் அவளை எல்லோரும் பேரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கம்பெனி செய்கிற கேமராக்களுக்குப் பேர் வைப்பது அவள் வேலை. ஆனால் அதற்காக அவளை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. விளம்பரப் பிரிவில் டைப் அடிக்க வந்தவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாததால் வந்து சேர்ந்த பதவி அது.

அவள் சேர்ந்தபோது மூன்றே மாடல்கள். முதலாளி பாசக்காரர். மூத்த மகள் பேரில் ஒன்று, இளைய மகள் பேரில் ஒன்று, மனைவி பேரில் ஒன்று. மனைவி பேரில் இருந்ததுதான் இருப்பதிலேயே கனம். பட்டனை அமுக்கினால் சத்தமும் அதிகம். ஆபீஸில் அதைப் பற்றி ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள்.

வினை மூத்த மகள் ரூபத்தில் வந்தது. அந்த மாடல் பழசாகிவிட்டது, இனிமேல் செய்வதில்லை என்று முடிவாயிற்று. மூத்த மகளின் பேரைப் போட்டு, “இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது. இதைவிட அழகும் கச்சிதமும் உடைய இளையதை வாங்கிப் பயனடையுங்கள்” என்று டீலர்களுக்குப் பேரக்கா டைப் அடித்து அனுப்பினாள். சேதி எப்படியோ வீட்டுக்கும் போய்விட்டது. மறுநாள் காலையில் அந்தப் பெண் ஆபீஸிலேயே வந்து நின்றாள்.

“ஏம்ப்பா, நான் பழசாயிட்டேனா? அவ என்னைவிட அழகா?”

“அது கேமராவைச் சொன்னதும்மா...”

“பேரு என்னோடதுதானே?”

அந்தப் பெண் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். டைப்ரைட்டருக்குப் பின்னால் பதுங்கியிருந்த பேரக்கா தலையை நீட்டி, “சார், இனிமே நம்பர் போட்டுடலாம். நம்பருக்கு அக்கா தங்கச்சி சண்டை கிடையாது” என்றாள். அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு பேர் வைக்கிற பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

100, 200, 300. எண் ஏற ஏறக் கேமராவும் உசத்தி. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். கொஞ்ச காலம் நிம்மதியாகப் போயிற்று. அப்புறம் முதலாளியின் மூத்த மாப்பிள்ளை மேனேஜராக வந்தார். படம் எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கென்று அப்போது ஒரு பெரிய கேமரா தயாராகியிருந்தது. அதற்கு 1 என்றுதான் வைக்கவேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

“வகுப்புல முதல் ராங்க் மாதிரி!”

பழைய எண்களைத் தூக்கிவிட்டு, அதற்கு அடுத்தபடி 5. அதற்கும் கீழே 50. கத்துக்குட்டிகளுக்கு 500. பேரக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். முதலாளி வீட்டு மாப்பிள்ளையிடம் பேசி யார் ஜெயிப்பது?

புது மாடல்கள் கடைக்குப் போன கொஞ்ச நாளில் ஒரு ஸ்டுடியோக்காரர் பெட்டியும் கையுமாக ஆபீஸுக்கு வந்தார்.

“அஞ்சே பிரமாதம்னு சொன்னாங்க. அப்ப ஐநூறு எப்படி இருக்கும்னு ஆசையா வாங்கினேன். பிரிச்சுப் பாத்தா பொம்மை மாதிரி இருக்கும்மா!”

பேரக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. “தப்பு எங்க மேலதாங்க. எண் சிறுசா இருந்தா கேமரா பெருசு.”

“இதை முன்னாடியே பெட்டி மேல போட்டிருந்தா நான் ஏன் இவ்வளவு தூரம் வரேன்?”

நியாயம்தானே? அவருக்கு வேறு கேமரா மாற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, நேரே மாப்பிள்ளையின் அறைக்குள் போனாள். கதவு சாத்தியிருந்ததால் உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு பெட்டியிலும் ‘எண் சிறுசு, கேமரா பெருசு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் அதைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார்கள். மாப்பிள்ளை அது தன் யோசனை என்று வெளியில் சொல்லித் திரிந்தார். குழப்பினவரே தெளிவாக்கினதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

பிறகு அந்த 1-உம் பழசாயிற்று. ஒன்றைவிடச் சின்ன எண்ணுக்கு எங்கே போவது? மாப்பிள்ளை “பூஜ்யம்” என்றார்.

“பரீட்சையில வாங்கினது மாதிரி இருக்கு சார். பூஜ்யத்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நாலு பேர் முன்னாடி எவன் போவான்?”

ரொம்ப யோசித்து ‘1-2’ என்று அவளே வைத்தாள். ஒன்றில் இரண்டாவது என்று அர்த்தம். எழுத்தில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. போனில்தான் மானம் போயிற்று. ஒரு டீலர் “ஒண்ணு ரெண்டு அனுப்புங்க” என்றார். குடோனிலிருந்து பழைய 1-ல் இரண்டு போய்ச் சேர்ந்தது. இன்னொருவர் “ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு அனுப்பினாப் போதும்” என்றதும், “யாரோ டிரில் மாஸ்டர் பேசுறார்” என்று குடோன்காரர் போனை வைத்துவிட்டார்.

இந்தத் தடவை பழி போட வேறு ஆளில்லை. பேரக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பஸ் ஓட்டுகிற அவள் கணவர் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நாங்க 12ஏ, 12பி-ன்னு போடுறோம். ஒருத்தராவது தப்பா ஏறுறாங்களா?”

“தினம் நாலு பேர் ஏறுறாங்கன்னு நீங்கதானே புலம்புவீங்க?”

சொன்னாளே தவிர, மறுநாள் ஆபீஸில் 1ஏ என்றுதான் மாற்றினாள். அது நிலைத்தது. பின்னால் 1பி வந்தது, 1சி வந்தது. உள்ளே கண்ணாடி வைக்காத, ‘மிரர்லெஸ்’ என்கிற புதுவகைக் கேமராக்கள் வந்தபோது, எண்ணுக்கு முன்னால் எந்த எழுத்தைப் போடுவது என்று பெரிய கூட்டமே போட்டார்கள். பேரக்கா அதில் வாயே திறக்கவில்லை. அடுத்த வாரம் அவளுக்கு ஓய்வு. இளசுகள் அடித்துக்கொள்ளட்டும் என்று பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

ஓய்வு பெற்ற கையோடு துணி துவைக்கிற மெஷின் வாங்கப் புருஷனும் பெண்டாட்டியும் கடைக்குப் போனார்கள். “இது எழுபது எஸ். அது எழுபது எஸ் பிளஸ்” என்றார் விற்பனைக்காரர்.

“ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?”

அவர் தலையைச் சொறிந்தார். “மூடி கலர் வேறங்க. இது வெள்ளை, அது நீலம்.”

“எவன்தான் இதுக்கெல்லாம் பேர் வைக்கிறானோ!” என்று கணவர் சீறினார்.

பேரக்கா சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். “சும்மா இருங்க. பாவம், என்ன பாடுபட்டு வச்சாங்களோ!”

நீல மூடி போட்டதையே வாங்கினார்கள்.