டன் அக்காவின் சுவர்க் கணக்கு

மின்சாதனக் கடையில் ஏசி விற்கும் பிரிவில் நிற்பவளுக்கு டன் அக்கா என்று பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை. வாடிக்கையாளர் அறையின் நீள அகலத்தைச் சொல்லி முடிப்பதற்குள் “ஒன்றரை டன் போதும்” என்பாள். ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்க மாட்டாள். கல்லூரியில் இயற்பியல் படித்தவள் என்பதால் வீட்டிலும் அவள் வைத்ததுதான் சட்டம். ஒரு விஷயம் தெரியாது என்று அவள் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. தெருவில் யாராவது வழி கேட்டால், தெரியாத ஊராக இருந்தாலும் ஒரு பக்கம் கையைக் காட்டிவிடுவாள்.

அவள் தங்கை பூ வியாபாரி. பெரிய ஹோட்டல் ஒன்று தினமும் பூ கேட்டிருந்தது. தன் பூக்கடைக்குப் பின்னாலிருந்த ஆறடி அகல அறையைக் குளிர் அறையாக்கி, இரண்டு பக்கமும் அலமாரி போட்டால்தான் அவ்வளவு பூவும் வாடாமல் நிற்கும். சுவரில் ஒட்டும் நுரைப்பலகை எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதை அக்கா சொல்ல வேண்டும். “நீ சொல்லிட்டா போதும்க்கா” என்று மூன்று கம்பெனிகளின் மாதிரித் துண்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனாள் தங்கை.

அங்கேதான் பிடித்தது வினை. வெப்பம் எவ்வளவு எளிதாக உள்ளே நுழையும் என்பதை ஒவ்வொரு துண்டின் பின்னாலும் எண்ணாகப் போட்டிருந்தார்கள். எண் சின்னதாக இருந்தால் பலகை நல்லது. முதல் துண்டில் 0.023, வாட், மீட்டர், கெல்வின். இரண்டாவதில் 0.16, பி.டி.யூ., அங்குலம், சதுர அடி, ஃபாரன்ஹீட். மூன்றாவதில் 0.02, கிலோகலோரி. ஒரே விஷயத்தைச் சொல்ல இத்தனை பாஷையா? இரண்டாவது படுமட்டம் போலிருக்கிறதே என்று நினைத்தாள். பிறகு, அலகு வேறாயிற்றே என்று தலையைச் சொறிந்தாள்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். வெளியே முப்பத்துநாலு டிகிரி, உள்ளே நாலு. வித்தியாசம் முப்பது. கெல்வின் என்றால் இருநூற்று எழுபத்துமூன்றைக் கூட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே மண்டையில் ஏற்றியிருந்தார்கள். கூட்டினாள். முதல் பலகைக்கு எழுபத்தேழு சென்டிமீட்டர் வந்தது. கோட்டைச் சுவரா கட்டுகிறோம்? இரண்டாவதற்கு அங்குலத்தை அடியாக்கி, பன்னிரண்டால் வகுத்து, வகுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடியும் வகுத்தாள். ஒரு சென்டிமீட்டர்கூட வரவில்லை. அட்டைப்பெட்டியே இதைவிடத் தடிமன். மூன்றாவதற்கு எட்டு. மூன்றில் எதை நம்புவது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

கடைசியில் அவள் செய்த காரியத்தை உலகத்தில் எந்த முட்டாளும் செய்ய மாட்டான். மூன்று விடைகளையும் கூட்டி மூன்றால் வகுத்தாள். “இருபத்தொன்பது சென்டிமீட்டர்” என்று, ஒன்றரை டன் என்பதுபோல, தங்கையிடம் அடித்துச் சொன்னாள்.

தங்கை டேப்பை எடுத்து அறையை அளந்தாள். பக்கத்துக்கு ஒரு அடி போனால் மிச்சம் நாலடி. ஒரு அலமாரிதான் நிற்கும். முகம் வாடிவிட்டது. ஆனாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கைப்பேசியை எடுத்தாள்.

“யாருக்குடி?”

“ஹோட்டல் மேனேஜருக்கு. பாதிப் பூதான் தர முடியும்னு சொல்லிடறேன். மீதிய வேற யார்கிட்டயாவது வாங்கிக்கட்டும்.”

டன் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தானாகத் தேடிவந்த வியாபாரத்தை, தான் குத்துமதிப்பாகச் சொன்ன ஒரு எண்ணுக்காக இவள் பாதியாக வெட்டப் போகிறாளே! மணி அடித்துக்கொண்டிருந்த கைப்பேசியைப் பிடுங்கி அணைத்தாள்.

“வேணாம்டி. அந்தக் கணக்கு சரியான்னு எனக்குத் தெரியல.”

“தெரியலையா?” தங்கைக்கு அந்த வார்த்தையே புரியாததுபோல் இருந்தது. “உனக்கா?”

முதல் கம்பெனிக்குப் பேசினார்கள். எடுத்த இன்ஜினியர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “வித்தியாசத்துக்கு எதுக்கு மேடம் இருநூத்தி எழுபத்திமூணு கூட்டுனீங்க? முப்பது டிகிரி வித்தியாசம், கெல்வின்லயும் முப்பதுதான். அங்குலத்த அடியாக்க ஒரு தடவ வகுத்தா போதும், நீங்க ரெண்டு தடவ வகுத்திருக்கீங்க. மூணு பலகையும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. எட்டு சென்டிமீட்டர் போடுங்க.”

எட்டு! இரண்டு அலமாரியும் நிற்கும், நடுவில் ஆளும் நடக்கலாம். டன் அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது. தங்கை மட்டும் டேப்பைச் சுருட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு.”

“இவரக் கட்டிக்கட்டுமான்னு அன்னிக்கு உன்கிட்டதான் கேட்டேன். யோசிக்கவே இல்ல, கட்டிக்கோன்னு டக்குனு சொன்ன. அது தெரிஞ்சுதான் சொன்னியா?”

டன் அக்கா கடைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே தங்கையின் கணவர் அலமாரிக்கு ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருந்தார்.