பாண்டியம்மாள் சொன்ன வார்த்தை

விளாங்குடியில் மாவுக்கடை பாண்டியம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபது வருஷமாக இட்லி மாவு அரைத்து விற்கிறாள். மாவு புளிக்கிறது என்று யாராவது முகம் சுளித்தால், முந்தாநாள் வாங்கியதை இன்றைக்குக் கொண்டுவந்தால் தேனாகவா இருக்கும் என்று கேட்டுவிடுவாள். வாய் அப்படி. அந்த வாயைத்தான் மூன்று மாதமாகக் குடும்பமே சேர்ந்து பூட்டப் பார்த்தது.

விஷயம் நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். அவள் கொழுந்தன் ஜெயபாண்டி கார் நிறுத்துகிற வேப்பமர நிழலில், எதிர்வீட்டை விலைக்கு வாங்கி வந்த தமிழ்வாணி தன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். மரம் தெருவோர மரம், நிழல் சூரியன் போட்ட நிழல். ஜெயபாண்டி ஸ்கூட்டரை எட்டி உதைத்துச் சாய்த்துவிட்டு, தெருவே கேட்க, அவள் சாதியை வைத்து ஒரு வார்த்தை சொன்னான். மாவு வாங்க நின்ற எட்டுப் பேரும் தங்கள் தூக்குவாளிக்குள் பார்த்துக்கொண்டார்கள். பாண்டியம்மாளும் அப்போது கரண்டியை நிறுத்தவில்லை. ஆனால் போலீஸ் விசாரிக்க வந்தபோது எட்டுப் பேருக்கும் காது கேட்காமல் போக, அவள் மட்டும், சொன்னான் சார், கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டாள்.

சம்மன் வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அவள் வாக்குமூலத்தில் "சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகத் திட்டினார்" என்று மொட்டையாக எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவருக்குக் கூச்சமோ, ஜெயபாண்டி மேல் பாசமோ, யார் கண்டது? என்ன வார்த்தை என்பது சாட்சி வாயால் வர வேண்டும், வராவிட்டால் கேஸ் நிற்காது என்றார் அரசு வக்கீல். தமிழ்வாணி கூண்டில் ஏறிச் சொல்லியாகிவிட்டது. அவள் பகையில் சொல்கிறாள் என்று தள்ளிவிடப் பார்க்கிறார்களாம். ஜெயபாண்டியின் சொந்த அண்ணன் பெண்டாட்டி சொன்னால் தள்ள முடியாது.

அன்றிலிருந்து ஜெயபாண்டி வாழைப்பழச் சீப்போடு வர ஆரம்பித்தான். பொய் சொல்ல வேண்டாம் மதினி, திட்டினேன் என்றே சொல்லுங்கள், அந்த வார்த்தை மட்டும் ஞாபகமில்லை என்று விட்டுவிடுங்கள் என்றான். புருஷன் அருள்பாண்டி சோற்றுத் தட்டைப் பார்த்தபடி ஆமாம் போட்டான். மாமியார் ராக்கம்மாள் சொன்னதுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது.

"ஒரு பொம்பள, கோர்ட்ல அம்புட்டு ஆம்பளைக முன்னால அந்த அசிங்கத்தச் சொல்லலாமா? குடும்ப மானம் என்னாகுறது?"

பாண்டியம்மாளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அசிங்கமாம். இந்த வீட்டில் அது அசிங்கம் என்று என்றைக்கு யாருக்குத் தெரிந்தது? வேலைக்கு வராத ஆளை வைய, குளிக்காமல் சாப்பிட உட்கார்ந்த பிள்ளையை அதட்ட, டிவியில் ஒரு முகம் பிடிக்காவிட்டால் சேனலை மாற்ற, எல்லாவற்றுக்கும் அந்த வார்த்தைதானே உப்பு? கோர்ட் வாசல் தெரிந்ததும் மானம் வந்துவிட்டது இவர்களுக்கு.

கடைசியில் அலங்காநல்லூர்ப் பக்கம் இருக்கிற குலசாமி கோயிலுக்குக் கூட்டிப்போய், சொல்ல மாட்டேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். அணைத்துவிட்டு மீறினால் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. அவளுக்கும் அந்த நம்பிக்கை உண்டு. மகள் ரோகிணி மாசமாக இருந்தாள். அது தெரிந்துதான் கூட்டிப்போனார்கள். பாண்டியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சூடம் எரிந்து தீர்ந்தது. ஜெயபாண்டி இன்னொரு கட்டி வைத்துப் பற்றவைத்தான். அதுவும் எரிந்து தீர்ந்தது. 

அவர்களைச் சமாளித்துவிட்டாள். தமிழ்வாணி முகத்துக்கு நேரே அதைச் சொல்வதுதான் அவளுக்கு மலைப்பாக இருந்தது. மறுநாள் காலையில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, நான் சாட்சி சொல்கிற அன்றைக்கு நீ கோர்ட்டுக்கு வராமல் இருந்தால் நல்லது தாயி என்று சொல்லிப் பார்த்தாள்.

"வருவேன்க்கா" என்றாள் தமிழ்வாணி. உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அவன் சொன்னப்ப நீங்களும் அங்கதான் மாவு அள்ளிக்கிட்டு இருந்தீக. இப்ப நான் இருக்கேன்னு சாக்குச் சொல்லாதீக."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பதிலுக்குக் கோபப்பட வாயெடுத்த பாண்டியம்மாளுக்கு, கோபப்படத் தனக்கு ஒரு நியாயமும் இல்லை என்பது தெரிந்தது. கடைக்கு வந்து கிரைண்டரைப் போட்டாள்.

கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்டதும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். சத்தமாகச் சொல்லுங்கம்மா என்றார் நீதிபதி. சொன்னாள். கடைசி பெஞ்சில் இருந்த தமிழ்வாணி தலையைக் குனியவில்லை. ராக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயபாண்டியின் வக்கீல் எழுந்து சிரித்தார். குடும்பத்துப் பெண், தினம் நாலு பேரோடு மரியாதையாகப் பழகுகிறவர், இப்படி ஒரு வார்த்தையைத் தடுமாறாமல் சொல்கிறீர்களே, உங்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது, தமிழ்வாணியா என்று கேட்டார்.

பாண்டியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. மாமியாரையும் புருஷனையும் பார்த்தாள்.

"பொறந்த வீட்லயும் வாக்கப்பட்ட வீட்லயும் கத்துக்கிட்டது சார். இவுக எல்லாரும் சொல்லுவாக. நானும் சொல்லியிருக்கேன்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டு நீதிபதியைப் பார்த்தாள்.

"அதையும் எழுதும்மா" என்றாள் பாண்டியம்மாள்.