ஏழு சீட்டும் ஒரு டப்பா புளியோதரையும்

போன வருஷம் கொலுப் பொம்மைகளைப் பெட்டியில் எடுத்துவைத்த வாரம், ஒரு சனிக்கிழமை மதியம், சான் ஹோசேயில் ஃப்ரீவே ஓரமாக இருக்கும் ஒரு சீட்டாட்ட கேசினோவில் நடந்தது இது. அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். என் கணவரும் அதைத்தான் கேட்டார்.

நாங்கள் இருப்பது சான் ரமோனில். ஒரே மகள். சான் ஹோசேயில் சாஃப்ட்வேர் வேலை, தோழிகளோடு தனி அபார்ட்மென்ட். யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் செயலி எங்கள் மூவர் போனிலும் உண்டு. மற்ற இருவரும் அதை மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. வாரநாட்களில் மகளின் புள்ளி அபார்ட்மென்ட்டிலேயே இருக்கும். வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் சில வாரங்களாகச் சனிக்கிழமையானால் அந்தப் புள்ளி கேசினோவின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு மாலைவரை நகராது. போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், "அட் வொர்க், மா" என்பாள்.

"பொய் சொல்றா. சூதாட ஆரம்பிச்சுட்டா," என்றேன் கணவரிடம்.

"அங்க ரெஸ்டாரன்ட் இருக்கும். சாப்பிடப் போயிருப்பா."

"மதியத்துலேர்ந்து சாயங்காலம் வரைக்குமா?"

"நூடுல்ஸ் நீளமா இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார்.

நானே கிளம்பினேன். கிளம்பும்போது ஒரு டப்பா புளியோதரையைப் பையில் வைத்துக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறவள் சாப்பாடு கட்டிக்கொண்டு போவாளா என்று கேட்காதீர்கள். சூதாடுகிற பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட்டிருக்காது என்றுதான் அப்போது தோன்றியது.

வாசலில் காவலர் என் வயதைச் சரிபார்க்க லைசென்ஸ் கேட்டார். அன்று நடந்த நல்ல விஷயம் அது ஒன்றுதான். பிறகு பையைத் திறந்து எவர்சில்வர் டப்பாவை உற்றுப் பார்த்தார். சோறு என்றேன். உள்ளே திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

உள்ளே போய், விளையாடிக்கொண்டிருந்தவர்களின் முகங்களை மேசை மேசையாகக் குனிந்து பார்த்தேன். மகள் இல்லை. போனில் புள்ளி மட்டும் இங்கேதான் இருக்கிறேன் என்றது. அதற்குள் கோட் போட்ட ஒருவர் வந்து, விளையாடுவதானால் உட்காரலாம், இப்படி எல்லார் முதுகுக்குப் பின்னாலும் நின்று சீட்டைப் பார்ப்பது சரியில்லை என்று மரியாதையாகச் சொன்னார். வேறு வழியில்லாமல், வாசல் தெரிகிற மாதிரி காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அது பை கவ் என்ற சீனத்துப் போக்கர் மேசை என்று பிறகுதான் தெரிந்தது.

பக்கத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு சீனப் பெண்மணி. நான் சீட்டைப் பிடித்த விதத்திலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேட்காமலே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஏழு சீட்டு வரும். அதை ஐந்து ஒரு கையாகவும் இரண்டு ஒரு கையாகவும் பிரிக்க வேண்டும். எதிராளியின் இரண்டு கையையும் ஜெயித்தால் வெற்றி. ஒன்றில் ஜெயித்து ஒன்றில் தோற்றால் யாருக்கும் ஒன்றுமில்லை, போட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ரம்மியில் எங்கள் குடும்பத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. அந்தத் தைரியத்தில் காசைக் கட்டினேன்; ஹார்ட்டினில் மூன்று சீட்டு வரிசையாக வந்ததும் பூரித்துப்போனேன். மூன்றுக்கு இங்கே மதிப்பே இல்லையாம், ஐந்து வேண்டுமாம். ரம்மியில் ஜோக்கர் எந்தச் சீட்டாகவும் மாறிக்கொள்ளும். இங்கே அதற்கும் ஆயிரம் நிபந்தனை.

அடுத்த ஆட்டத்தில் இரண்டு ஏஸ் வந்தது. கூடவே ஒரு ஜோடி ஒன்பது. யோசிக்கவே இல்லை. இரண்டு ஏஸையும் சின்னக் கையில் வைத்தேன். சின்னதுக்குத்தானே நல்லதைக் கொடுப்போம். சீட்டுப் போடும் டீலர் பார்த்தார், தலையை ஆட்டினார், ஃபவுல் என்று சொல்லி என் காசை வாரிக்கொண்டார். ஐந்து சீட்டுக் கை எப்போதும் இரண்டு சீட்டுக் கையைவிடப் பெரியதாக இருக்க வேண்டுமாம்.

சீனப் பெண்மணி என் கையைத் தட்டிக்கொடுத்துச் சிரித்தார். "முன்னால் இருக்கிற இரண்டு சீட்டு தம்பி, பின்னால் இருக்கிற ஐந்து அண்ணன். தம்பிக்கே எல்லாம் கொடுத்தால் இருவரும் போச்சு," என்று ஆங்கிலத்தில் விளக்கினார். கவலைப்படாதே, இப்போது டீலர் மாறும், அடுத்து வருகிற பெண் ராசியானவள் என்றார். நல்ல பெண், பழைய ஆட்கள் எல்லாரையும் 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுவாள் என்றார்.

ஆன்ட்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே, அது நம் வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுவதாயிற்றே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பழைய டீலர், கையில் எதையும் ஒளிக்கவில்லை என்று கைகளைத் தட்டி, உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டிவிட்டு எழுந்தார். கறுப்பு வெயிஸ்ட்கோட் போட்ட பெண் வந்து நின்றாள். தலைமுடி ஒரு இழை பிசகாமல் இழுத்துக் கட்டியிருந்தது. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் பிறகு என் மகளை அப்படி நான் பார்த்ததில்லை.

"ஹாய், ஆன்ட்டி," என்றாள் சீனப் பெண்மணியிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்னடி இது கோலம்?" என்றேன்.

"இங்கிலீஷ் ஒன்லி அட் த டேபிள், ப்ளீஸ்," என்றாள். வீட்டில் இருபது வருஷமாகத் தமிழில் பேசு என்று நான் கெஞ்சியது இவளிடம்தான்.

பிறகு கையை உயர்த்தி, என்னை உட்காரச் சொன்ன அதே கோட்காரரைக் கூப்பிட்டு, "ஷி இஸ் மை மாம்," என்றாள். டீலர் தன் சொந்தக்காரர்களுக்குச் சீட்டுப் போடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. மேசையே என்னைப் பார்த்தது. சீனப் பெண்மணி மட்டும் ஏதோ சம்பந்தம் முடிந்த மாதிரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவள் வேலை போய்விடப் போகிறது என்று பயந்துவிட்டேன். கோட்காரரை ஓரமாக அழைத்து, தப்பு என்னுடையது, அவளுக்கு நான் வந்ததே தெரியாது, மிடில் ஸ்கூலிலிருந்து கணக்கில் கெட்டிக்காரி, ஒருநாள்கூட லேட்டாகப் போனதில்லை என்று ஸ்கூல் டீச்சரிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். உடனே சொன்னதுதான் சரியான செயல், அவள் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றார். அவளுக்குக் கொஞ்ச நேரம் பிரேக்கும் கொடுத்தார்.

காரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். ஆபீஸில் அவளுடைய டீமையே லே ஆஃப் செய்துவிட்டார்களாம். இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டே வாடகைக்காக இங்கே சேர்ந்தாளாம்.

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ தூங்க மாட்டே. அப்புறம் உன்னையும் சேர்த்து நான்தான் பார்த்துக்கணும்," என்றாள். தமிழில். முழுதாக. பிறகு வாயில் புளியோதரையோடு, "அண்ட் ஐ டிட்ன்ட் லை. ஐ டோல்ட் யூ 'அட் வொர்க்'," என்றாள். நிலக்கடலை எல்லாவற்றையும் அவள் பக்கம் தள்ளினேன். பாதியைத் திருப்பித் தள்ளினாள்.

அவளுக்கு இப்போது வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சீட்டுப் போடப் போகிறாள், ஆன்ட்டிகள் தேடுவார்களாம். நானும் சாப்பாட்டு மேசையில் கணவரோடு பை கவ் ஆடுகிறேன். அவர் இன்னும் ஃபவுல்.

ஆனால் அன்று அவள் முகம் வெளுத்தது கோட்காரருக்குப் பயந்து இல்லை, என்னைப் பார்த்து என்பதை நினைத்தால் இப்போதும் உள்ளே ஏதோ ஆடிப்போகிறது; அதனால் புள்ளியைத் தேடுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, மற்றதை அவளாகச் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.