கடைசி சீனில் சிவப்பு

அன்று ஃபேக்டரி கேன்டீன் ஹாலில் இருந்தவர்கள்: லைட் போர்டில் நான். பக்கத்து நாற்காலியில் கன்னடக்கார டீ மாஸ்டர் நாகப்பா. மேடை ஓரத்தில், நாடகத்தை இயக்கிய பஷீர் பாய், எலக்ட்ரிகல் ஸ்பேர்ஸ் கடைக்காரர். மேடையில் அம்மா வேஷத்தில் பேக்கிங் செக்‌ஷன் செல்வி, மகன் என்று வருகிறவனாக டை காஸ்டிங் முருகன். எதிரே ஆயுத பூஜைக்குக் கூடிய இருநூறு பேர். பாதிப் பேருக்கு வீட்டில் கன்னடமோ தெலுங்கோதான்.

நான் எட்டாவதோடு நின்றவன். ஓசூரில் மைக் செட்டும் லைட்டும் வாடகைக்கு விடுகிறேன். வயர் சூடாகுமோ, ஃபியூஸ் போகுமோ என்று எப்போதும் ஒரு பயம். அந்தப் பயம்தான் இத்தனை வருஷம் சோறு போட்டது. அன்று அதுவே கெடுத்தது.

பழைய நாடகம் அது. சின்ன வயதில் காணாமல் போன மகன் நான்தான் என்று ஒருவன் வருகிறான். வீட்டுக் கதையைப் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் சொல்கிறான். அவளுடைய மகன் இடது கைக்காரன். கடைசியில் அம்மா இலை போட்டு, எந்தக் கை நீளும் என்று பார்க்க, கை கழுவச் சொம்பைச் சாய்க்கிறாள். அவன் இரண்டு கைகளையும் நீட்டுகிறான். லைட் ஆஃப். மகனா இல்லையா என்று நாடகம் சொல்வதே இல்லை.

ஒத்திகையில் பாய் சொன்னார்: "கோவிந்தா, கடைசி சீன்ல கலரு வேணாம். வெறும் வெள்ளை."

"புரியாம எந்திரிச்சுப் போயிட்டா, பாய்?"

"புரியலன்னா அடிச்சுக்குவாங்க. அதுக்குத்தானப்பா இந்த நாடகத்தையே போடுறேன்."

அவர் வழக்கம் அப்படி. நாடகம் முடிந்ததும் டீ டேபிளில் நின்று, ஜனம் சண்டை போடுவதைக் காது குளிரக் கேட்டுவிட்டுத்தான் என் பாக்கியை எடுத்து நீட்டுவார்.

கடைசி சீன் வந்தது. நாகப்பா என் முழங்கையை இடித்தார். "ஏனப்பா, அவன் மகனா இல்லியா? சொல்லப்பா." பின்வரிசையிலும் முணுமுணுப்பு. எனக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. முருகன் கைகளை நீட்டியபோது, என் கை சிவப்பு டிம்மரை ஏற்றிவிட்டது.

இந்தப் பக்கத்து நாடகங்களில் முகத்தில் சிவப்பு விழுந்தால் கெட்டவன். குழந்தைக்கும் தெரியும்.

"கள்ளா! கள்ளா!" என்று நாகப்பா எழுந்து கத்தினார். ஹாலே கைதட்டியது. தட்டிவிட்டு எல்லோரும் நேராகக் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். டீ டேபிளில் ஒருவர்கூட நிற்கவில்லை. ஊற்றி வைத்த டீ ஆடை கட்டியது.

முருகன் மேக்கப்போடு வந்தான். "நாலு மாசமா ரெண்டும் இல்லாம மூஞ்சிய வெச்சுக்கப் பழகினேன்ணே. ஒரு செகண்ட்ல திருடனாக்கிட்டீங்க."

பாய் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போலப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். வாங்க எனக்குக் கை வரவில்லை. "அடுத்த வருஷம் சேத்து வாங்கிக்கிறேன், பாய்."

அடுத்த வருஷம் அவர் நாடகம் போடவில்லை. முட்டி வலி என்றார். அதற்கப்புறமும் போடவில்லை. முட்டியாலா, என்னாலா? கடைக்குப் போகும்போதெல்லாம் கேட்க நினைத்து, பல்ப் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறேன்.

லைட் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வெள்ளை என்றால் வெள்ளையே போடுங்கள். நமக்கு விடை தெரியாத பயத்தை ஜனத்தின் மேல் அடிக்கக் கூடாது.

பாய் தர வேண்டிய பாக்கி இன்னும் அப்படியே நிற்கிறது. எண்ணூறு ரூபாய்.