கம்பி அழிக்கிறவள்

அலுவலகத்தில் எல்லாரும் அவளை ரப்பர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். துணிக் கரடியும் கம்ப்யூட்டரில் வரைந்த மீனும் சேர்ந்து கதை சொல்லும் குழந்தைகள் டிவி நிகழ்ச்சி அங்கே தயாராகிறது. கரடியை ஆட்டுபவர் அவள் கணவர். மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒரு கையைக் கரடியின் தலைக்குள் விட்டு, மறு கையில் கம்பி பிடித்து அதன் கையை அசைப்பார். மாடியில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, எடுத்த காட்சியிலிருந்து படம் படமாக அந்தக் கம்பியை அழிப்பது அவள் வேலை. நொடிக்கு இருபத்தைந்து படம். பதினொரு வருஷமாக இதைத்தான் செய்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்த காட்சியைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜையே இல்லை. வெறுந்தரையில் கரடி ஆடுகிறது. பின்னால் கணவர் முழுசாக, தொப்பையோடு, குந்தியபடி நகர்கிறார். இரண்டு நிமிஷக் காட்சி. மூவாயிரம் படம்.

நேரே படப்பிடிப்புத் தளத்துக்கு இறங்கினாள்.

“ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? இப்படி முழு ஆளா வந்து நிக்கிறீங்க!”

“என்மேல ஏன் பாயுற? டைரக்டர்தான் மேஜையை எடுக்கச் சொன்னார். நானும் சொல்லிப் பாத்துட்டேன்.”

டைரக்டர் டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். “இதுக்கு எதுக்கும்மா டென்ஷன்? ஒரு பட்டனை அமுக்கினா ஆளு மறைஞ்சிடுவார்ல?”

“அந்தப் பட்டன் எங்க இருக்குன்னு வந்து காட்டுங்க சார்.”

விளையாட்டென்று நினைத்து அவரும் மாடியேறினார். அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். முதல் படத்திலேயே கணவரின் முழங்கையோடு கரடியின் காதும் சேர்ந்து போயிற்று. காதைத் திரும்பக் கொண்டுவந்து, “மறுபடி பண்ணுங்க” என்றாள். எழுந்திருக்கப் பார்த்தவரை விடவில்லை. அரை மணி நேரத்தில் நான்கு படம். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

“சரிம்மா, மேஜை போட்டே திரும்ப எடுத்துடலாம்.”

எடுத்தார்கள். அத்தோடு அவளும் விட்டிருப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் டைரக்டர் நிர்வாகியிடம், “மேஜை வெச்சு எடுத்தா நாலு நாள் மிச்சமாகும்னு எனக்குத் தோணிச்சு” என்று கூசாமல் சொன்னார். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“உங்களுக்கா தோணிச்சு? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களே! மறைக்கிறது என் வேலை சார், நீங்க அதுல கை வைக்காதீங்க.” நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து அவர் அழித்த கரடிக் காது வரைக்கும்.

மேஜை இல்லாமல் எடுப்பதென்றால் இனி அவளைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. டைரக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

“கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்” என்றார் கணவர், வீட்டுக்குப் போகும் வழியில்.

அவரிடம் அவள் ஞாயிற்றுக்கிழமை வரை பேசவில்லை.