திரையில் ஒரு வரிசை

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஞாயிறு பிற்பகல், விடாத மழை. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவின் சன்னல்களைக் கொழுந்துச் சாக்கால் மறைத்து, இந்தியாவுக்குக் கப்பலேறும் தலைமன்னார் துறையைப் பற்றிய படத்தைத் தோட்டத்து மக்களுக்குக் காட்டி முடிக்கிறேன். எல்லையோர வாழ்க்கையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறேன்.

கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி எழுகிறாள்.

“ஐயா, கப்பலுக்கு வரிசையில நிக்கிறாங்களே, அத மறுபடி போடுவீங்களா? ரெண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தத்துல அப்பாவுக்கு இந்தியா பாஸ்போர்ட்டு வந்திருச்சு. எனக்கு இலங்கைன்னு எழுதிட்டாங்க. அவரு தனியாத்தான் போகணும்.”

போடுகிறேன். தகப்பனைத் திரைக்கருகே உட்காரவைத்து, சோதனைக்குப் பெட்டியை எங்கே திறப்பது, கடுதாசியை யாரிடம் நீட்டுவது என்று விரலால் காட்டிக்கொடுக்கிறாள். விவாதத்துக்கென்று எழுதிவந்த கேள்விகளைச் சட்டைப்பைக்குள் திணிக்கிறேன்.

கிழவர் என் பக்கம் திரும்புகிறார்.

“இதுல திரும்பி வர்ற வரிசை எதுங்க?”

அப்படியொரு வரிசை படத்தில் இல்லை. துறையிலும் இல்லை.